தூரத்துக் கண்ணீரும் பக்கத்து ஊரும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

எளியோர்க்கு இழைக்கப்பட்ட கொடுமையைப் படித்துக் கண்ணீர் விடுவது கடினமன்று. அந்த எளியோர் வெகு தொலைவில் இருக்கும்வரை. அமெரிக்க நாட்டில் ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் என்னும் பெண்மணி எழுதி 1852-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ கதையின் சுருக்கம் நம் நூலகத்தில் உண்டு. அதை எடுத்துச் சென்ற தோழியர் எவரும் கண் கலங்காமல் திருப்பிக் கொடுத்ததில்லை. ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பும் அவ்வாறே. அதன் அட்டை கிழிந்து, தைக்கப்பட்டு, மறுபடியும் கிழிந்திருக்கிறது. இரண்டும் நல்ல நூல்கள். அவற்றை அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் அடிமை வணிகனும் நாஜிப் படைவீரனும் நம் ஊர்ப் பேருந்தில் நம்மோடு ஏறுவதில்லை. அவர்களை வெறுப்பதற்குக் காசா, பணமா?

நம் தருமபுரி மாவட்டத்தின் பெருமை என்ன என்று பேச்சுப் போட்டியில் கேட்டால், எல்லாரும் மூச்சு விடாமல் சொல்வோம். அதியமானும் நெல்லிக்கனியும், ஒகேனக்கல் அருவி, 1925-ஆம் ஆண்டு பாப்பாரப்பட்டியில் உயிர் நீத்த தியாகி சுப்பிரமணிய சிவா. வாச்சாத்தி என்ற பெயரை எந்த மேடையிலும் நாங்கள் கேட்டதில்லை. பெருமையைத்தானே கேட்டார்கள் என்பீர்கள். வாச்சாத்தியிலும் பெருமை இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

அரூர் வட்டத்தில், சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் அது. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழும் ஊர். (பெயரைக் கண்டு கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். இவர்கள் தமிழ் பேசும் நம் மலை மக்கள்.) 1992-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், சந்தனக் கட்டைகளைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் பெரும் கூட்டமாக அவ்வூருக்குள் நுழைந்தார்கள். ஆண்கள் பலர் மலைக்கு ஓடினார்கள். அகப்பட்டவர்கள் ஆலமரத்தடியில் அடிக்கப்பட்டார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, குடிநீர்க் கிணறும் கெடுக்கப்பட்டது. பதினெட்டுப் பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள். அவர்களுள் ஒருத்தி பள்ளியில் படித்துக்கொண்டிருந்த 13 வயதுச் சிறுமி. பின்பு, கொடுமைக்கு ஆளானவர்களையே குற்றவாளிகள் என்று சொல்லி, பெண்களும் கைக்குழந்தைகளுமாகச் சேலம் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

முதலில் யாரும் நம்பவில்லை. அரசு அலுவலர்கள் இவ்வாறு செய்வார்களா என்றே கேட்டார்கள். மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மாதர் சங்கத்தாரும் ஊர் ஊராகச் சென்று பேசினார்கள். அ. நல்லசிவன் நீதிமன்றம் சென்றார். 1995-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்திய புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு நம் தருமபுரி கோர்ட்டில்தான் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் சொல்லப்பட்டது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். எஞ்சிய 215 பேரும், ஒருவர் விடாமல், குற்றவாளிகள் என்று தீர்மானிக்கப்பட்டார்கள். அன்று எங்களில் சிலர் கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவேயில்லை. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023-ஆம் ஆண்டு அந்த ஊருக்கே நேரில் சென்று இடங்களைப் பார்த்தார். அவ்வாண்டு அதே செப்டம்பர் 29-ஆம் நாள் தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா பத்து லட்சம் ரூபாய் வழங்கவும் ஆணையிட்டார்.

நாங்கள் சொன்ன பெருமை இதுதான். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், 215 அரசு ஊழியர்களுக்கு எதிராக, ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுப் படி ஏறிச் சாட்சி சொல்லி வென்றார்கள். நெல்லிக்கனிக் கதைக்கு இது எவ்விதத்தில் குறைந்தது?

நம் நூலகத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

சினிமா இருக்கிறதே என்று ஒரு தோழி கேட்டாள். 2021-ஆம் ஆண்டு வந்த ‘ஜெய் பீம்’ படத்தை அநேகமாக எல்லாரும் பார்த்திருக்கிறோம், அழுதும் இருக்கிறோம். ஆனால் படத்தில் மூன்று மணி நேரத்துக்குள் நீதி கிடைத்துவிடுகிறது. வாச்சாத்திக்கு முதல் தீர்ப்பு வரவே பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. காத்திருத்தல் எப்படிப்பட்டது என்பதைப் புத்தகந்தான் சொல்ல முடியும் என்று நினைக்கிறோம். பக்கம் பக்கமாகப் புரட்டுவதற்கு நமக்கும் நாளாகிறது அல்லவா?

மாவட்ட மைய நூலகத்திலும், கல்லூரியில் படிக்கும் அக்காமார் வழியாகவும் கிடைத்த சில நூல்களை நாங்கள் சிலர் இவ்வாண்டு மாற்றி மாற்றிப் படித்தோம். அவற்றுள் எங்களை மிகவும் உலுக்கியது ச. பாலமுருகன் எழுதி 2004-ஆம் ஆண்டு வெளிவந்த ‘சோளகர் தொட்டி’. ஆசிரியர் வழக்கறிஞர்; மக்கள் சிவில் உரிமைக் கழகத்தில் பணியாற்றியவர். வாச்சாத்திக்கு மேற்கே, காவிரிக்கு அப்பால் சத்தியமங்கலம் மலைகளில் வாழும் சோளகர் என்னும் பழங்குடியினரின் கதை இது.

வீரப்பன் கதை தெரியாதவர் நம் மாவட்டத்தில் உண்டா? 2004-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் அவன் சுட்டுக் கொல்லப்பட்டதே பாப்பாரப்பட்டிக்கு அருகில்தான். திண்ணையில் உட்கார்ந்தால் தாத்தாமார் அவனைப் பற்றி விடிய விடியச் சொல்வார்கள். அந்தக் கதைகளில் மீசை உண்டு, துப்பாக்கி உண்டு, அதிரடிப்படை உண்டு. அவனைத் தேடுகிறோம் என்ற பெயரில் பிடித்துச் செல்லப்பட்ட காட்டு மக்கள் மட்டும் இருப்பதில்லை. ‘சோளகர் தொட்டி’யில் அவர்கள் இருக்கிறார்கள். முதற்பகுதியில் அவர்களுடைய விதைப்பும் அறுவடையும் ஆட்டமும் பாட்டும் வருகின்றன. சற்று மெதுவாகத்தான் நகர்கிறது. எங்களில் ஒருத்தி நாற்பதாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிட்டாள். ஆனால் அந்தப் பகுதியைப் படித்தவளுக்குத்தான் பிற்பகுதியில் என்ன அழிந்தது என்பது விளங்கும். சிவண்ணாவையும் மாதியையும் முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தவர்களை அடிக்கும்போது வலி வேறு.

இது கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்து விசாரித்தது. 2007-ஆம் ஆண்டு, பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கும்படி சொன்னது.

குடிமையியல் பாடத்தில் அடிப்படை உரிமைகளைப் படிக்கிறோம். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு. ஒரு மதிப்பெண் வினா. நாங்களும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம். அந்த இருபத்து நான்கு மணி நேரம் ஏன் அங்கே எழுதப்பட்டிருக்கிறது, இருபத்தைந்தாம் மணி நேரத்தில் ஒரு மனிதனுக்கு என்ன நேரக்கூடும் என்பதை ‘சோளகர் தொட்டி’ படித்த பிறகே அறிந்தோம்.

எல்லா நூலும் இப்படி நிறைவு தரவில்லை. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று, அன்றைய கீழத் தஞ்சையில் கீழ்வெண்மணி என்னும் ஊரில் ஒரே குடிசையில் 44 பேர் தீயில் மாண்டார்கள். கூலி உயர்வு கேட்ட உழவர்களின் குடும்பத்தார். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இந்நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவலுக்கு 1977-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. எழுத்து விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் நிலக்கிழாரின் கொடுமைக்கு அவருடைய தனிப்பட்ட மனக்கோளாற்றைக் காரணமாகக் காட்டுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. மனக்கோளாறு இல்லாத நிலக்கிழார் கூலியைக் கூட்டிக் கொடுத்துவிடுவாரா? விருது பெற்ற ஆசிரியரைச் சிறுமியர் குறை சொல்லலாமா என்று கேட்கலாம். படித்தவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்.

அதே கீழ்வெண்மணியைப் பற்றி நேரில் விசாரித்து ஆங்கிலத்தில் கட்டுரைகள் எழுதியவர் மைதிலி சிவராமன். 1992-இல் வாச்சாத்திப் பெண்களின் வாக்குமூலங்களைக் கேட்டு எழுதிக்கொண்டவரும் அவரே. 2021-ஆம் ஆண்டு காலமானார். கட்டுரைகள் ‘ஹாண்டட் பை ஃபயர்’ என்ற தொகுப்பாக 2013-இல் வந்துள்ளன. அகராதி இல்லாமல் படிக்க இயலவில்லை. ஆனாலும் கதையாசிரியர் காட்டாத கூலிக் கணக்கு அங்கே இருக்கிறது.

இந்நூல்களை நம் நூலகத்தில் வைக்கலாமே என்று கேட்டபோது சில பெரியவர்கள் சொன்ன மறுப்புகளை மரியாதையுடன் இங்கே எடுத்துக்கொள்கிறோம். “பதினைந்து வயதுப் பெண்கள் படிக்கத் தக்கவை அல்ல” என்பது முதலாவது. வாச்சாத்தியில் அந்தச் சிறுமிக்கு வயது பதின்மூன்று. அவள் பட்டதை, அவளைவிட இரண்டு வயது மூத்த நாங்கள் படிக்கவும் கூடாதா? மானம் என்பது கெடுத்தவனுக்குப் போவதே அன்றிக் கெடுக்கப்பட்டவளுக்கன்று என்பதை இந்த வயதில் அறியாமல் எந்த வயதில் அறிவது?

“காவலர் மகளும் வனக்காவலர் மகளும் உங்களோடு படிக்கிறார்களே, அவர்கள் மனம் நோகாதா?” என்பது அடுத்தது. இது நியாயமான கேள்வி. எங்களுக்கும் தயக்கமாகத்தான் இருந்தது. அவர்களுள் ஒருத்தியையே கேட்டோம். “எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்லை. அதனால்தான் நானும் படிக்கணும்” என்று சொல்லி முதல் ஆளாக நூலை வாங்கிக்கொண்டாள். இரண்டு நாள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள், தன் தந்தையிடமும் அதைக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள்.

மூன்றாவது மறுப்பை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆயினும் அது இருப்பதை உணர்கிறோம். பாமா எழுதிய ‘கருக்கு’ நூலைப் பற்றியது அது. வாச்சாத்தி நடந்த அதே 1992-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆசிரியர் விருதுநகர் மாவட்டத்துத் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். கன்னியர் மடத்தில் சேர்ந்து ஏழாண்டுகளுக்குப் பின் வெளியேறியவர். ஊரில் பட்ட தீண்டாமையை மட்டுமன்றி, கோயிலிலும் மடத்திலும் கண்ட சாதியையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 2000-ஆம் ஆண்டு இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு கிராஸ்வேர்ட் பரிசு பெற்றது. நூலின் பேச்சுத் தமிழ் நம் பக்கத்துத் தமிழ் அன்று. முதலில் தடுக்கும், பிறகு பழகிவிடும். கான்வென்டில் இதைப் படித்தால் பிள்ளைகளுக்குத் திருச்சபையின்மீது மரியாதை குறைந்துவிடுமோ என்ற அச்சம் இருக்கலாம். எங்களுக்குக் குறையவில்லை. ஏழைகள் பக்கம் நின்ற இயேசுவை அந்நூலாசிரியர் ஓரிடத்திலும் விட்டுவிடவில்லை. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறுவிதமாக நடப்பவர்களிடந்தான் அவருக்குக் கோபம். பாவசங்கீர்த்தனத்துக்குச் செல்லுமுன் ஆத்துமசோதனை செய்யச் சொல்லிக் கொடுத்தவர்கள் நம் சிஸ்டர்கள்தாமே? ஒருவருக்கு நல்லதென்றால் ஒரு மடத்துக்கும் அது நல்லதே.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளிடையே பணியாற்றியவர். விசாரணையின்றிச் சிறைகளில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காகப் பேசியவர். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவரே கைதானார். நடுக்குவாதத்தால் குவளையைப் பிடிக்க இயலாத அவர், உறிஞ்சிக் குடிக்கும் குவளை ஒன்றைக் கேட்டு நீதிமன்றத்தில் மனுப்போட நேர்ந்தது. 2021 ஜூலை 5-ஆம் நாள், தம் 84-ஆம் வயதில், வழக்கு விசாரணை தொடங்கு முன்பே இறந்தார். அவருடைய எழுத்துகள் ஆங்கில நூலாக வந்துள்ளன. ‘நான் வாய்மூடிப் பார்த்திருப்பவன் அல்லன்’ என்று தலைப்புக்குப் பொருள். நம் நூலகத்தில் புனிதர் வரலாறுகள் இரண்டு அடுக்கு நிறைய இருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் இதற்கு ஓர் இடம் கிடைக்காதா?

பணம் ஒரு தடையன்று. விடைபெறும் பத்தாம் வகுப்பு ஆண்டுதோறும் பள்ளிக்கு நினைவுப் பரிசு வழங்குவது வழக்கம். அநேகமாகச் சுவர்க் கடிகாரம். நூலக அறையில் மட்டும் மூன்று கடிகாரங்கள் மாட்டியிருக்கின்றன. மூன்றும் மூன்று நேரம் காட்டுகின்றன. இவ்வாண்டு அந்தத் தொகைக்கு மேற்சொன்ன நூல்களை வாங்கித் தருகிறோம் என்று வகுப்பில் முடிவு செய்திருக்கிறோம். ஒரே ஒரு வேண்டுகோள். பூட்டிய கண்ணாடி அலமாரியில் வைக்காமல், எட்டாம் வகுப்புத் தங்கையர்க்கும் கையெட்டும் திறந்த அடுக்கில் வைக்க வேண்டும். விண்ணப்பம் எழுதிவிட்டோம். தமிழ் மிஸ் அதில் இரண்டு ஒற்றுப் பிழைகளைத் திருத்தித் தந்தார்கள். நூற்பெயர் ஒன்றையும் அடிக்கவில்லை. இனி தலைமையன்னை அவர்களின் கையெழுத்துதான் பாக்கி.