பூட்ஸ் போடாத டாக்டர்

நம்ம ஊரில் ஒரு பையனுக்கு ஒரு திறமைதான் அனுமதி. 'படிக்கிற பையன்' என்று பேர் வாங்கிவிட்டால் பந்தைத் தொடக்கூடாது. பந்தோடு திரிகிறவன் புத்தகத்தை எடுத்தால் அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள், 'என்னடா, ஜுரமா?' என்று. இரண்டும் செய்துவிட்டு, மிச்ச நேரத்தில் ஊருக்கு உழைக்கிறேன் என்று ஒருத்தன் கிளம்பினால் நேரே ஜோசியர் வீடுதான்!

இந்த மூன்றையும் ஒரே ஆசாமி செய்து முடித்திருக்கிறார். வெளிநாட்டுக்காரர் இல்லை ஸார், நம்ம ஆள். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கேப்டன். பெயர் டாக்டர் தாலிமெரன் ஆவோ. சுருக்கமாக, டி.ஆவோ. கேள்விப்பட்டதில்லையா? கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் தூக்கினவர் பேரெல்லாம் இனிஷியலோடு நமக்கு மனப்பாடம். இவருக்கு எங்கே இடம் இருக்கப்போகிறது?

1918 ஜனவரி 28. நாகா மலையில் சாங்கி என்கிற கிராமத்தில் பிறந்தார். இப்போது நாகாலாந்து, அப்போது அஸ்ஸாமில் சேர்ந்தது. அப்பா கிறிஸ்தவ போதகர். வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள் (முழு டீம், கூடவே ஒரு சப்ஸ்டிட்யூட்!). இவர் நாலாவது. 1935-ல் டைபாய்டு வந்து அப்பா போய்விட்டார். மகன் டாக்டராகி மலை ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவர் விட்டுப்போன ஆசை. சொத்து விட்டுப்போனால் பங்கு பிரித்துக் கொள்ளலாம். ஆசையை விட்டுப்போனால் யாராவது ஒருத்தர்தான் சுமக்க வேண்டும். இவர் சுமந்தார்.

கௌஹாத்தி காட்டன் காலேஜில் படிப்பு. கூடவே கால்பந்து, வாலிபால், தடகளம். எம்.பி.பி.எஸ். படிக்க அன்றைக்கு அஸ்ஸாமில் காலேஜ் கிடையாது. 1942-ல் கல்கத்தாவுக்கு ரயில் ஏறி, கார்மைக்கேல் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். (பின்னால் ஆர்.ஜி.கர் என்று பெயர் மாறியது அதுதான்.) அடுத்த வருஷமே மோகன் பகான் கிளப் இவரைச் சேர்த்துக்கொண்டது. அப்புறம் கேப்டனும் ஆக்கியது.

அந்தக் கல்கத்தா எப்படிப்பட்ட கல்கத்தா தெரியுமா? 1943-ல் பஞ்சம். 1946-ல் கலவரம். 1947-ல் பிரிவினை. நமக்கு மேல்வீட்டில் டி.வி. சத்தமாக வைத்தாலே இன்டர்னல் ஆடிட் பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை. இந்த மனுஷன் அந்த ஊரில் இருந்துகொண்டு காலேஜையும் மைதானத்தையும் ஒன்றாகச் சமாளித்திருக்கிறார். டாக்டர் பட்டம் கைக்கு வந்தது 1950-ல்தான். எட்டு வருஷம்! அரியர்ஸ் கோஷ்டி சந்தோஷப்பட வேண்டாம். நடுவில் ஒரு ஒலிம்பிக்ஸ் வந்தது. உங்களுக்கு என்ன வந்தது?

1948, லண்டன். சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. ஜூலை 29-ம் தேதி வெம்ப்ளி ஸ்டேடியத்தில் இந்தியக் கொடியைப் பிடித்து முன்னால் நடந்தவர் ஆவோ. நேற்றுவரை நம்மை ஆண்டவர்கள் உட்கார்ந்து பார்க்க, நம்ம கொடி அவர்கள் ஊரிலேயே ஊர்வலம் போகிறது. பிடித்துக்கொண்டு போனவர் அஸ்ஸாமின் ஒரு மூலை மலைக் கிராமத்துக்காரர்.

இரண்டு நாள் கழித்து, இல்ஃபோர்ட் மைதானத்தில் பிரான்சோடு ஆட்டம். நம்ம ஆட்களில் பெரும்பாலோருக்குக் காலில் பூட்ஸ் இல்லை. வெறும் துணிக்கட்டுதான். பழக்கமே அதுதான். பிரான்ஸ் முதலில் ஒரு கோல் போட, 70-வது நிமிஷம் நம்ம சாரங்கபாணி ராமன் திருப்பிப் போட்டார். இரண்டு பெனால்டி கிடைத்தது. இரண்டும் வீண்! கடைசி நிமிஷத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1 என்று ஜெயித்தது. பெனால்டியைக் கோட்டை விடுவதில் அப்போதே நமக்கு நல்ல முன்அனுபவம்.

ஏன் வெறுங்காலோடு ஆடுகிறீர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்களாம். 'நாங்கள் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால்' என்றாராம் ஆவோ. தோற்றுவிட்டு வந்த கேப்டனின் பேச்சு இது. ஜெயித்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

லண்டனில் ஆர்சனல் கிளப் அவரை ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு அழைத்ததாகவும், படிப்பை முடிக்க வேண்டும் என்று மறுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். பி.காம். படித்த புத்தியோடு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வரவுப் பக்கம்: லண்டன், காசு, புகழ். பற்றுப் பக்கம்: செத்துப்போன அப்பாவின் ஆசை ஒன்று. எந்த ஆடிட்டரைக் கேட்டாலும் 'கையெழுத்துப் போடு' என்பார். ஆனால் அவர் வேறு லெட்ஜர் வைத்திருந்தார்.

பட்டம் வாங்கியபின் கல்கத்தாவிலேயே ஒரு போர்டு மாட்டியிருக்கலாம். மோகன் பகான் கேப்டன் என்றால் தொண்டை வலி இல்லாதவன்கூட வந்து வாயைத் திறந்து காட்டியிருப்பான். அவர் திப்ரூகரில் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு, 1953-ல் கோஹிமா அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்த சில வருஷங்களிலேயே அந்த மலையில் துப்பாக்கிச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. அவர் இறங்கி வரவில்லை. 1963-ல் நாகாலாந்து தனி மாநிலமானது. பிற்பாடு அதன் சுகாதாரத் துறைக்கு டைரக்டராகி, 1978-ல் ரிடையர் ஆகும்வரை அந்த ஜனங்களுக்கே உழைத்தார். 1998 செப்டம்பரில் காலமானார். வடகிழக்கில் அவர் பேரில் கால்பந்துக் கோப்பை நடத்துகிறார்கள். அங்கே மறக்கவில்லை.

நம்ம பள்ளிக்கூடங்களில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. அந்த நாற்பது நிமிஷத்தில் படித்தால்தான் டாக்டராவான் என்று நாமும் நம்புகிறோம். பையன் டாக்டராகவும் ஆவதில்லை, பந்தும் ஆடுவதில்லை. கடைசியில் உங்களையும் என்னையும் மாதிரி ஆபீசில் உட்கார்ந்து, டீ டைமில் இந்திய கால்பந்து ஏன் உருப்படவில்லை என்று பேசிக்கொண்டிருக்கிறான்.

ஆகவே, சாயங்காலம் உங்கள் வீட்டு வாண்டு முழங்காலில் சேறோடு வந்தால் கையை ஓங்காதீர்கள். முதலில் காலைக் கழுவச் சொல்லுங்கள். அப்புறம் ஹோம்ஒர்க் நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரே நாளில் நேரம் இருக்கிறது. ஒருத்தர் செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.