திடல் வெறிச்சோடியது யாரால்?

மெர்டேக்கா காற்பந்து விழாவில் இருக்கைகள் வெறுமையாய்க் கிடப்பதற்கு ரசிகர்களின் நாட்டுப்பற்றுக் குறைவே காரணம் என்பாரும் உளர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையே இது!

1957ஆம் ஆண்டில் துங்கு அப்துல் ரகுமானின் முயற்சியால் தோன்றிய விழா இது. ஆசியக் குழுக்கள் பலவும் கோலாலம்பூரை நாடி வந்தன. 1958, 1959ஆம் ஆண்டுகளில் மலாயா வாகை சூடியது. பின்னர், ‘சிலந்தி’ எனப் புகழ்பெற்ற பந்துக் காவலர் ஆறுமுகத்தின் கரங்களை நாடே நம்பியிருந்தது. அன்று ரசிகனை அழைக்க முரசு தேவைப்படவில்லை.

பின்னர் நிகழ்ந்தது என்ன? தேசியக் குழுக்கள் வரவேண்டிய இடத்தில் கழகக் குழுக்களும் இளையோர் குழுக்களும் வந்தன. 2013க்குப் பின் பத்தாண்டுகள் விழாவே இல்லை. 2023இல் மீண்டும் தொடங்கியபோது தாஜிகிஸ்தான் கிண்ணத்தைக் கொண்டு சென்றது. 2024இல் மலேசியா லெபனானை வென்று கிண்ணத்தை மீட்டது. ஆயினும் களம் கண்டவை நான்கே குழுக்கள்!

பாடம் சுவையற்றுப் போனால் மாணவனின் கண் சன்னலை நாடும். அவனைத் தண்டிப்பவர் ஆசிரியர் அல்லர். பாடத்தைத் திருத்துபவரே ஆசிரியர். ரசிகனின் சினமும் அத்தகையதே. அது பகையன்று, பற்றின் மறுவடிவம். அஞ்சத்தக்கது அவனது கூச்சல் அன்று, மௌனமே. விழா நடத்துவோர் இதனை உணர்வார்களா?