மாமாவிடம் வாங்கிய திட்டு

'ரோமியோ ஜூலியட்' என்றதும் எல்லோருக்கும் காதலர்கள் நினைவுக்கு வருவார்கள். எனக்கு டிபால்ட். பாதி நாடகத்திலேயே செத்துப்போகும், கொஞ்சமே வசனம் உள்ள வில்லன்.

ஜூலியட்டின் தாய்மாமன் மகன் இவன். (நம் ஊர்க் கணக்கில் அவள் முறைப்பெண்; ஷேக்ஸ்பியருக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.) ஞாயிறு இரவு ஜூலியட்டின் அப்பா கேபுலெட் வீட்டு விருந்துக்கு, பகையாளி வீட்டுப் பையன் ரோமியோ முகமூடியோடு வந்திருக்கிறான். டிபால்ட் குரலை வைத்தே கண்டுபிடித்து வாளைக் கேட்கிறான். கேபுலெட் தடுக்கிறார். பையனைப் பற்றி ஊரில் நல்ல பேச்சுதான், விட்டுவிடு என்கிறார். இவன் முறுக்கிக்கொண்டு நிற்கவும், இந்த வீட்டுக்கு எசமான் நீயா நானா என்று பொரிந்து தள்ளிவிடுகிறார். மாமாவை எதிர்க்க முடியாது. அந்த ஆத்திரம் முழுக்க ரோமியோ பேரில் பற்று எழுதப்படுகிறது.

ஆர்தர் புரூக் 1562-இல் வெளியிட்ட மூலக்கதைக் கவிதையில் விருந்தில் டிபால்ட் கிடையாது. பிறகு நடக்கும் தெருச்சண்டையில்தான் வருகிறான். அவனை விருந்துக்கு அழைத்துவந்து திட்டு வாங்க வைத்தவர் ஷேக்ஸ்பியர். அவருடைய கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது.

மறுநாள் திங்கள் மதியம், நடுத்தெரு. ரோமியோ அப்போதுதான் ஜூலியட்டை ரகசியமாகக் கல்யாணம் செய்துவிட்டு வருகிறான். டிபால்ட் என்ன வைதாலும் கை ஓங்க மறுக்கிறான். பொறுக்க மாட்டாத நண்பன் மெர்குஷியோ வாளை உருவுகிறான். விலக்கப் போன ரோமியோவின் கைக்கு அடியில் வாளை விட்டுக் குத்துகிறான் டிபால்ட். மெர்குஷியோ சாகிறான், அடுத்து டிபால்ட்டை ரோமியோ கொல்கிறான். எதிரி தன் அத்தை மகளின் புருஷன் என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

இதெல்லாம் வெறும் நாடகம் என்று தள்ளிவிட முடியாது. அதே காலத்து லண்டனில், 1598-இல், நாடக ஆசிரியர் பென் ஜான்சன் கேப்ரியல் ஸ்பென்சர் என்ற நடிகரை வாட்சண்டையில் கொன்றார். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அன்றைய சட்டம் தந்த சலுகையில், லத்தீன் வாசித்துக் காட்டித் தூக்குக்குத் தப்பினார். கட்டைவிரலில் சூடு போட்டு விட்டுவிட்டார்கள்.

டிபால்ட்டை நான் நல்லவனாக்கப் பார்க்கவில்லை. வீம்பு பிடித்தவன், கொலைகாரன். ஆனால் இரண்டு வீட்டுப் பகையைப் பாலோடு சேர்த்து ஊட்டி வளர்த்துவிட்டு, விருந்தாளிகள் முன்னால் மானம் போய்விடக்கூடாது என்பதற்காக ஒரே ஒரு ராத்திரி சமாதானம் பேசிய கேபுலெட்தான் என் தீர்ப்பில் முதல் குற்றவாளி.