டி.சி.க்காகக் காத்திருந்த பதினெட்டு நாள்



காட்டுப்பள்ளி என்றால் இப்போது எல்லோரும் துறைமுகத்தைத்தான் சொல்கிறார்கள். பிள்ளைகுட்டிகளோடு நாங்களும் இங்கேதான் இருக்கிறோம்!

போன ஜூனில் என் நாத்தனார் மகன் ஏழாவது முடித்தான். தனியார் பள்ளியில் பணம் கட்ட முடியலை, எட்டாவதுக்கு அரசுப் பள்ளியில் சேர்த்துடலாம்னு முடிவு பண்ணினோம். "பாக்கியைக் கட்டினால்தான் டி.சி." என்று சொல்லிவிட்டார்கள். எங்கிருந்து கட்டுவது? அண்ணன் காசிமேட்டில் விசைப்படகுக்குக் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பள்ளிக்கூடத்தில் பணம் கேட்கும் நேரமும், கையில் காசில்லாத நேரமும் எங்களுக்கு ஒன்றாகத்தான் வரும். பையன் பதினெட்டு நாள் வீட்டில் இருந்தான். அப்பாவோடு உட்கார்ந்து வலை பின்னினான். நன்றாகவே பின்னினான், அதுதான் எனக்குப் பயம்.

நான் பத்தாவது வரை படித்தவள். விசாரித்ததில் தெரிந்தது இது. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ம் பிரிவுப்படி, அரசுப் பள்ளிக்கு மாறும் பிள்ளைக்குத் தலைமை ஆசிரியர் உடனே டி.சி. தர வேண்டும். அது வரத் தாமதமானாலும் புதுப் பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது. வெளிமாநிலத்துக்கும் இதேதான். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் சம்பந்தம் செய்தவர்கள் கவனிக்கணும். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், டி.சி. கட்டண பாக்கி வசூலிக்கும் கருவியல்ல என்று சொன்னது.

அப்புறம் ஏன் இழுபறி? கம்ப்யூட்டர்தான். பிள்ளைகளுக்கு 'எமிஸ்' நம்பர் இருக்கிறதல்லவா? பழைய பள்ளி அதைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதுப் பள்ளி தன் பட்டியலில் ஏற்ற முடியும். காகிதம் கேட்காதே என்று சொன்னாலும், பிடி பழைய பள்ளியின் கையில்தான். நம்பரை விடுவிக்கவும் இத்தனை நாள் என்று கெடு வைத்தால் என்ன?

நாங்கள் 5-ம் பிரிவைக் குறிப்பிட்டுக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். மறு வாரமே நம்பர் வந்தது. முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. இந்தச் சட்டம் எட்டாவது வரைக்கும்தான். என் பெண் வருகிற ஜூனில் ஒன்பதாவது போகிறாள்.

- ஒரு வாசகி, காட்டுப்பள்ளி