ஃபில்டர் அப்புறம், முதலில் விளக்குக்கு மூடி போடுங்கள்



ஓசூரில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான்: "சார், பையனுக்கு டெலஸ்கோப் வாங்கினேன். மொட்டை மாடியிலிருந்து ஓரியன் நெபுலா மட்டும் வெளிறித் தெரிகிறது. மற்றது எதுவும் தெரியவில்லை. ஃபில்டர் வாங்கலாமா?" அவனுக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஃபில்டர் ஏமாற்று வேலை அல்ல. ஓரியன் போன்ற வாயு மேகங்கள் சில அலைநீளங்களில்தான் அதிகம் ஒளிர்கின்றன. ஆக்சிஜனுக்கு 496, 501 நானோமீட்டர்; ஹைட்ரஜனுக்கு 486. அவற்றை மட்டும் விட்டு மற்றதைத் தடுப்பதே ஃபில்டரின் வேலை. பழைய சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் மஞ்சள், ஆரஞ்சுப் பக்கம் இருந்தது, தடுப்பது எளிது. இன்றைய வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறத்தையும் கொட்டுகிறது. ஒரு பங்கு உள்ளே வந்தே தீரும். ஆண்ட்ரோமீடா போன்ற நட்சத்திரக் கூட்டங்களும் எல்லா நிறத்திலும் ஒளிர்வதால் அவற்றுக்கு இந்த ஃபில்டர் உதவாது.

என் சண்டை வேறு. காசுள்ளவன் ஃபில்டர் வாங்குவான். டெலஸ்கோப்பே இல்லாத பிள்ளை என்ன செய்யும்? நாம் கொண்டாடும் திருவாதிரை நட்சத்திரம் ஓரியனின் தோள்தான். அங்கே வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே, இருட்டான ஊரில் வெறும் கண்ணுக்கே புகைபோல அந்த நெபுலா தெரியும். நமக்கோ சிப்காட் வெளிச்சம் ஒரு பக்கம், பெங்களூரு வெளிச்சம் ஒரு பக்கம். நமக்குக் கிழக்கே ஜவ்வாது மலைக் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கியை 1986-ல் அர்ப்பணித்தார்கள். லடாக்கின் ஹான்லே 2022-ல் இருள் வானக் காப்பகமானது. வானம் பார்க்க நம் பிள்ளைகள் லடாக் போக வேண்டுமா?

"நைட் ஷிஃப்ட் முடிந்து பெண்கள் வருகிறார்களே, வெளிச்சம் வேண்டாமா?" என்பீர்கள். கட்டாயம் வேண்டும், சாலையில். வானத்துக்குப் போகும் வெளிச்சம் யாருக்கு வழி காட்டுகிறது? கண்ணைக் கூசவைக்கும் விளக்கு, இருட்டில் நிற்பவனை மறைக்கத்தான் செய்யும். மூடி போட்டுக் கீழ்நோக்கித் திருப்பினால் குறைந்த வாட்டிலேயே சாலை நன்றாகத் தெரியும். கரண்ட் பில்லும் குறையும்.

உங்களில் பலர் கம்பெனி மெயின்டனன்ஸிலும் அபார்ட்மென்ட் சங்கத்திலும் இருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு விளக்கையாவது இந்த மாதம் கீழே திருப்புங்கள். இதுதான் வீட்டுப்பாடம். முடித்தவர்கள் கீழே எழுதுங்கள், வழக்கம்போல் திருத்துவேன்.