சாலையைச் சுமப்பது கல்லே!

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் மயிலாப்பூரிலும், தியாகராய நகரிலும், அடையாறிலும் ஒரே பேச்சு: சாலை போயிற்று! நடுவே பள்ளம், பள்ளத்தைச் சுற்றிச் சிதறிய ஜல்லி. 'தார் போதவில்லை' என்பார் ஒருவர். 'மழை அதிகம்' என்பார் இன்னொருவர். சிதறிக் கிடக்கும் அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் எவருமில்லை!

தார்ச்சாலை என்கிறோமே, அதில் தார் எவ்வளவு? நூறு கிலோ கலவையில் ஏறத்தாழ ஐந்து கிலோ. மற்றதெல்லாம் கல்லும் கல் தூளுமே. பேருந்தின் பாரத்தைத் தாங்குவது கல். அந்தக் கற்களைக் கட்டிப் பிடிப்பது தார். பாடு ஒருவனுக்கு, பேர் இன்னொருவனுக்கு என்பது உழைப்பாளிக்குத் தெரியாத நியாயமா?

நம் பக்கத்துக் கல் பலமற்றதா? இல்லை! பல்லாவரம், பரங்கிமலைப் பாறை உலகப் புகழ் பெற்றது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த ஹாலந்து என்னும் புவியியல் அறிஞர், 1893-இல் அந்தப் பாறை இனத்துக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். அந்த இனந்தான் நம் பல்லாவரத்துப் பாறை. கடினத்தில் குறையில்லை, உடைக்கிற, கலக்கிற முறையில்தான் குறை.

முதலாவது, வடிவம். நாற்புறமும் சமமாக உடைந்த ஜல்லி ஒன்றையொன்று பற்றி நிற்கும். சப்பைக் கல்லும் நீட்டுக் கல்லும் ரோலரின் கீழேயே முறியும். முறிந்த முகத்தில் தார் இராது, நீர் புகும். இரண்டும் சேர்ந்து 35 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது மத்திய நெடுஞ்சாலை அமைச்சகத்தின் விதி நூல்.

இரண்டாவது, தூசி. கிரஷர் தூசி மூடிய கல்லில் ஊற்றிய தார், தூசியைப் பிடிக்குமே தவிர கல்லைப் பிடிக்காது.

மூன்றாவது, நீர். சிலிக்கா மிகுந்த கல்லுக்குத் தாரைவிட நீரின்மேல்தான் பற்று அதிகம். தேங்கிய நீரில் சக்கரம் அழுத்த அழுத்த, தார் உரிந்து கல் கழன்றுவிடும். இதற்குச் சோதனை உண்டு: தார் பூசிய கல்லை 40 டிகிரி சூட்டு நீரில் 24 மணி நேரம் ஊறவைத்தால், 95 சதவீதப் பரப்பில் தார் ஒட்டியிருக்க வேண்டும். தேறாத கல்லுக்கு நீற்றிய சுண்ணாம்புத் தூள் போன்ற மருந்தும் உண்டு. மருந்தும் சோதனையும் இருந்தென்ன? செய்தார்களா என்று கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லையே!

கேளாததன் பலன் யாருக்கு? கார் வைத்திருப்பவர் குலுங்கியதோடு தப்புவார். விடியற்காலையில் இருசக்கர வண்டியில் வேலைக்குப் போகிறவன், சிதறிய ஜல்லியில் சறுக்கி விழுந்தால் கை முறியும். கை முறிந்தால் கூலி போகும். கூலி போனால் வீட்டில் உலை ஏறாது. இதை விதி என்று விடலாமா?

பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். நல்ல உத்தரவு! மேலே மேலே போட்டால் தெரு உயரும், வீடு தாழும், மழை நீர் வாசற்படி ஏறும். சுரண்டிய ஜல்லியும் குப்பையல்ல. தக்கபடி பதப்படுத்தினால் மறுபடி சாலைக்கு உதவும். வெட்டிய மலை மீண்டும் வளராது. செங்கல்பட்டிலும் காஞ்சிபுரத்திலும் வெட்டும் ஒவ்வொரு லாரிக் கல்லும் நாட்டின் சொத்து.

ஆகவே, மாநகராட்சியை நாம் கேட்பது இதுதான்: ஒவ்வொரு சாலைக்கும் கல் எந்தக் குவாரியிலிருந்து வந்தது, சோதனையில் என்ன கண்டது, காண்ட்ராக்டர் எத்தனை ஆண்டுக்குப் பொறுப்பு என்பதைத் தெருமுனையில் தமிழில் எழுதி வையுங்கள். சோதனையில் தேறாத ஜல்லியைத் திருப்பி அனுப்புங்கள்.

வட்டத் தோழர்களே! உங்கள் தெருவில் லாரி ஜல்லி கொட்டும் நாளில் போய் நில்லுங்கள். ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். கை முழுதும் தூசியா, சப்பையா, சுத்தமான கல்லா? தார் பூசிய பிறகு கறுப்பு எல்லாவற்றையும் மூடிவிடும். கேள்வியை அதற்கு முன்பே கேளுங்கள்!