மீண்ட டேப்லெட்

சென்ற திங்கள் நம் இல்லத்துச் சாம்சங் டேப்லெட், சின்னத்தைக் காட்டுவதும் அணைவதுமாக இருந்தது. காலஞ்சென்ற நம் அன்னையார் பாடிய தாலாட்டுகள் அதனுள் இருந்தன. வேறு படி எடுத்தோமில்லை. பழுது பார்ப்பவர், யாவற்றையும் அழித்துவிட்டால் சரியாகும் என்றார். நாம் இசையவில்லை.

முதற்கண் ரிகவரித் திரையில் ‘வைப் கேஷ்’ செய்தோம். அது தற்காலிகக் கோப்புகளையே நீக்கும். அதற்கு முந்தைய வரியிலுள்ள ‘ஃபாக்டரி ரீசெட்’டோ அனைத்தையும் துடைத்துவிடும், விரல் தவறலாகாது. பயன் விளையவில்லை.

பின்னர், கணினியிலிருந்து ஆடின் என்னும் செயலியால் ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றத் துணிந்தோம். கருவியின் மாடல் எண் ஓரெழுத்தும் மாறாமல் பொருந்த வேண்டும். இதில் சி.எஸ்.சி., ஹோம் சி.எஸ்.சி. என இரு கோப்புகள் உண்டு. முன்னது நம் சேமிப்பை அழிக்கும். பின்னது அழியாமல் விடும். பெயரில் ஒரு சொல்லே வேற்றுமை! மும்முறை படித்தபின் பின்னதைத் தேர்ந்தோம்.

பாதியில் நம் சிறுவன் மேசையை இடிக்க, கேபிள் கழன்றது. திரையில் பிழைச் செய்தி. இல்லத்தரசியார் வாய் திறக்கவில்லை. ஆயினும் கருவியைத் தொடங்கி வைக்கும் பூட்லோடர் கெடாதிருந்தமையால், இறுக்கமான வேறொரு கேபிளைச் செருகியதும் ஆடின் கருவியைக் கண்டுகொண்டது. முதலிலிருந்து ஏற்றினோம்.

இரவு 11 மணிக்கு அன்னையாரின் குரல் கேட்டது. உறங்குமுன் இரு பென்டிரைவ்களில் படியெடுத்தோம். ஒன்று ஊரிலுள்ள தம்பிக்குச் சென்றுள்ளது.